ஒரே கணினிக்கு ஏன் நான்கு முகவரிகள்? – இணைய முகவரிகள் குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

திருகோணமலை மாவட்ட வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இணைய நடப்பொழுங்கு முகவரிகளைப் பற்றியவை. அவற்றுள்ளும் ஐபிவி6 எனப்படும் ஆறாம் பதிப்பு முகவரிகளைப் பற்றியவையே அதிகம். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஐபிவி6 முகவரிகள் பதினறும எண்களில் எழுதப்படுபவை. 0 முதல் 9 வரையான இலக்கங்களுடன் ஆறு ஆங்கில எழுத்துகளும் அவற்றில் வரும். அவ்வெழுத்துகளை இங்கே ஏ, பி, சி, டி, இ, எஃப் என ஒலிப்படி தருகிறேன். கணினியில் தட்டும்போது உரிய ஆங்கில எழுத்துகளையே இடவேண்டும்.

கேள்வி: நான் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கிறேன். எனது மடிக்கணினியில் ஐபிகொன்ஃபிக் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தபோது ஒரே வைஃபை இணைப்புக்கு நான்கு முகவரிகள் தெரிந்தன. ஒன்று 192.168 என்று தொடங்குகிறது. மற்ற மூன்றும் மிக நீளமானவை. ஒரு சாதனத்துக்கு ஒரு முகவரி என்றுதானே படித்தோம்? இவற்றில் எது உண்மையான முகவரி?
– மாணவி, உவர்மலை

பதில்: நான்கும் உண்மையான முகவரிகள்தாம், உங்கள் கணினியில் எந்தக் கோளாறும் இல்லை. 192.168 என்று தொடங்குவது நான்காம் பதிப்பு (ஐபிவி4) முகவரி, நீளமான மூன்றும் ஐபிவி6 முகவரிகள். ஓர் இணைப்புக்கு ஒரு முகவரி என்பது நான்காம் பதிப்போடு நமக்குப் பழகிப்போன வழக்கம். 1981இல் வரையறுக்கப்பட்ட ஐபிவி4 முகவரி 32 பிட் (0 அல்லது 1 என்ற இரும இலக்கங்கள்) நீளமுடையது. அதிலிருந்து கிடைப்பவை ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே. உலகக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பெப்ரவரி 3ஆம் திகதி பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன; இலங்கைக்கும் சேர்த்து ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு முகவரி வழங்கும் ஏப்னிக் என்ற பதிவகம் அதே ஆண்டு ஏப்ரலிலேயே பங்கீட்டு முறைக்கு வந்துவிட்டது. ஐபிவி6 முகவரியோ 128 பிட் நீளமுடையது. 340 என்று எழுதி அதற்குப் பின்னால் 36 சுழியங்களை இட்டால் வரும் எண்ணிக்கையளவு முகவரிகள் அதில் உண்டு. எனவே ஒரே இணைப்புக்கு, வேலைக்கு ஒன்றாகப் பல முகவரிகளை வைத்துக்கொள்வதை அதன் வடிவமைப்பிலேயே சேர்த்துவிட்டார்கள். ஐபிவி6இல் ஒரு முகவரியைக் கண்டால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, இது எவ்வளவு தூரம் செல்லும் என்பதே. அதற்கான விடை பெரும்பாலும் முகவரியின் முதல் எழுத்துகளிலேயே இருக்கிறது.

எஃப்இ80 என்று தொடங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். இது லிங்க் லோக்கல் முகவரி. வைஃபையில் இணைந்த கணத்திலேயே, யாரிடமும் கேட்காமல், கணினி தானாகவே இதை அமைத்துக்கொள்கிறது. சேவை வழங்குநரின் இணைப்பு அறுந்து கிடந்தாலும் இது இருக்கும். ஒரே வைஃபையிலோ ஒரே வடத்திலோ இணைந்துள்ள சாதனங்கள் தமக்குள் பேசிக்கொள்ள மட்டுமே இது பயன்படும். எந்த ரவுட்டரும் இந்த முகவரியிட்ட பொதியை (வலையமைப்பில் அனுப்பப்படும் தரவுத் துண்டை) அடுத்த வலையமைப்புக்குக் கடத்தாது. ஆனால் இதை உதவாத முகவரி என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் திரையில் இயல்புநிலை நுழைவாயில் என்ற இடத்தில் தெரிவதும் பெரும்பாலும் ஓர் எஃப்இ80 முகவரியாகவே இருக்கும். அதாவது, உங்கள் கணினி வெளியுலகுக்கு அனுப்பும் ஒவ்வொரு ஐபிவி6 பொதியும் ரவுட்டரின் லிங்க் லோக்கல் முகவரியை அறிந்துகொண்டே புறப்படுகிறது.

அந்த முகவரியின் முடிவில் விழுக்காட்டுக் குறியும் ஓர் எண்ணும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வீட்டுக்குள் "தம்பி" என்று கூப்பிட்டால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது அந்த வீட்டாருக்கு விளங்கும். ஆனால் எல்லா வீட்டிலும் ஒரு தம்பி இருப்பதால், வெளியே நின்று சொல்லும்போது எந்த வீட்டுத் தம்பி என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எஃப்இ80 முகவரிகளும் அப்படித்தான்: உங்கள் கணினியில் வைஃபையும் வட இணைப்பும் ஒருங்கே இருக்கும்போது இரண்டுக்கும் எஃப்இ80 உண்டு. எந்த இணைப்பின் வழியாகப் பேசவேண்டும் என்பதைச் சொல்வதே அந்த விழுக்காட்டுக் குறிக்குப் பின்வரும் எண்.

மீதியிருக்கும் இரண்டு நீளமான முகவரிகளும் 2 என்ற இலக்கத்தில் தொடங்கியிருக்கும். இப்போது உலகளாவிய யுனிகாஸ்ட் (ஒரேயொரு இணைப்பைக் குறிக்கும்) முகவரிகளாக வழங்கப்படுபவை அனைத்தும் 2 அல்லது 3 என்ற இலக்கத்தில் தொடங்கும் பெருந்தொகுதியைச் சேர்ந்தவை. இவை உலகின் எந்த மூலைக்கும் செல்லும். இரண்டின் முதற்பாதியும், அதாவது முதல் 64 பிட்டும், ஒன்றாகவே இருப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்: அது உங்கள் வீட்டு வலையமைப்புக்குச் சேவை வழங்குநர் கொடுத்த முன்னொட்டு, ரவுட்டர் அதை அவ்வப்போது அறிவித்துக்கொண்டிருக்கும். பிற்பாதியைக் கணினியே உருவாக்கிக்கொள்கிறது. ஒன்று நிலையாக இருப்பது. மற்றது தற்காலிகம் எனக் குறிக்கப்பட்டு, சில நாட்களில் மாறிவிடுவது. நீங்கள் ஓர் இணையத்தளத்தைத் திறக்கும்போது கணினி பொதுவாகத் தற்காலிக முகவரியையே வெளியே காட்டும். அது ஏன் என்பதை மூதூர் வாசகருக்கான பதிலில் விளக்கியிருக்கிறேன்.

பரீட்சைக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முகவரியைச் சுருக்கும் விதிகளில் மாணவர்கள் புள்ளிகளை இழக்கிறார்கள். 2001:0டிபி8:0000:0000:0000:0000:0000:0025 என்ற முகவரியில் ஒவ்வொரு பகுதியின் முன்னுள்ள சுழியங்களையும் விட்டுவிடலாம். தொடர்ச்சியாக வரும் சுழியப் பகுதிகளை இரட்டை முக்காற்புள்ளியால் மாற்றலாம். 2001:டிபி8::25 என்று அது குறுகும். இரட்டை முக்காற்புள்ளியை ஒரு முகவரியில் ஒரு தடவைதான் இடமுடியும். இரண்டு இடங்களில் இட்டால் எங்கே எத்தனை சுழியம் என்று யாராலும் கணக்கிட முடியாது. 2001:டிபி8 என்று தொடங்கும் தொகுதி புத்தகங்களிலும் பாடங்களிலும் எடுத்துக்காட்டுக்காகவே ஒதுக்கப்பட்டது என்பதால் இப்பகுதியிலும் அதையே பயன்படுத்துகிறேன். பழைய குறிப்புகளில் எஃப்இசி0 என்று தொடங்கும் "சைட் லோக்கல்" முகவரியும் ஒரு வகையாகக் காட்டப்பட்டிருக்கலாம். அது 2004இலேயே கைவிடப்பட்டது; அந்தக் குறிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிலாவெளியில் சிறிய விடுதி ஒன்றை நடத்துகிறேன். கண்காணிப்புக் கமராக்களைப் பொருத்தியவர், நான் கொழும்பில் இருக்கும்போது அவற்றை நேரடியாகப் பார்க்கப் பொது ஐபி ஒன்றை மாதக் கட்டணத்துக்கு வாங்கவேண்டும் என்கிறார். ஐபிவி6 இருந்தால் அது தேவையில்லை என்று வேறொருவர் சொல்கிறார். எதை நம்புவது?
– விடுதி உரிமையாளர், நிலாவெளி

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் இரண்டாமவர் சொன்னதை அப்படியே செய்தால் ஆபத்தும் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வெளிப்பக்க இணைப்புக்கு என்ன ஐபிவி4 முகவரி கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், உங்களுக்கும் வேறு பல வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து ஒரே பொது முகவரியைச் சேவை வழங்குநர் பகிர்ந்து தருகிறார் என்று பொருள். முகவரிப் பற்றாக்குறையைச் சமாளிக்க 2012இல் அந்தத் தொகுதி இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அத்தகைய இணைப்பில் நீங்கள் வெளியே போகலாம். வெளியிலிருந்து உங்கள் கமராவைத் தேடி வரும் பொதிக்கோ எந்த வாடிக்கையாளரிடம் போவது என்று தெரியாது. ரவுட்டரில் போர்ட்டை, அதாவது ஒரு சேவைக்குரிய எண்ணிட்ட வாயிலை, திறந்துவிட்டாலும் பயனில்லை. அதனால்தான் பொது ஐபி வாங்கச் சொல்கிறார்கள்.

ஐபிவி6இல் இந்தத் தடை இல்லை. உங்கள் விடுதிக்கு ஒரு முன்னொட்டு கிடைத்தால், அதற்குள் ஒவ்வொரு கமராவும் உலகளாவிய முகவரி ஒன்றைப் பெறமுடியும். சேவை வழங்குநர் 56 பிட் முன்னொட்டைத் தந்தால் அதிலிருந்து 256 தனித்தனித் துணை வலையமைப்புகளைப் பிரித்துக்கொள்ளலாம். ரவுட்டர் இடம்தந்தால், விருந்தினரின் வைஃபையை ஒரு துணை வலையமைப்பிலும் கமராக்களையும் அலுவலகக் கணினியையும் இன்னொன்றிலும் வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்லும் வழியைத் தீச்சுவரில் (தேவையற்ற தொடர்புகளைத் தடுக்கும் அமைப்பில்) அடைத்துவிடுங்கள். விருந்தினர் வந்துபோகும் இடங்களில் இந்தப் பிரிப்பைக் கட்டாயம் செய்யவேண்டும் என்பேன். கமராவுக்கு ஐபிவி6 தெரிந்திருக்கவேண்டும் என்பதையும் பாருங்கள். மலிவான பல கமராக்களுக்கு ஐபிவி4 மட்டுமே தெரியும்.

இனி ஆபத்துக்கு வருவோம். முகவரி உலகளாவியது என்பதால் கதவும் திறந்திருக்கவேண்டும் என்பதில்லை. வெளியே செல்லும் தொடர்புகளையும் அவற்றுக்கான பதில்களையும் மட்டும் அனுமதித்து, அழையாமல் வருபவற்றைத் தடுக்கும் தீச்சுவர் ரவுட்டரில் ஐபிவி6க்கும் இயங்குகிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். சில ரவுட்டர்களில் ஐபிவி4 தீச்சுவரும் ஐபிவி6 தீச்சுவரும் வெவ்வேறு பக்கங்களில் இருக்கும். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதை மறந்துவிடுவது எளிது. கமரா வேலை செய்யவில்லை என்பதற்காக யாராவது அந்தத் தீச்சுவரையே முழுமையாக அணைத்துவிட்டால், விடுதியிலுள்ள அச்சுப்பொறி முதல் விருந்தினரின் மடிக்கணினி வரை அனைத்தும் வெளியுலகுக்குத் திறந்துவிடும். அதற்கு ஒருபோதும் உடன்படாதீர்கள்.

ஐபிவி6 முகவரிகள் கணக்கற்றவை, எனவே யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்ற வாதத்தையும் கேட்டிருப்பீர்கள். நொடிக்குப் பத்து இலட்சம் முகவரிகள் வீதம் தேடினால் ஐபிவி4 உலகம் முழுவதையும் ஏறத்தாழ 72 நிமிடங்களில் முடித்துவிடலாம்; அதே வேகத்தில் ஐபிவி6இன் ஒரேயொரு 64 பிட் துணை வலையமைப்பைத் தேடி முடிக்க 5 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கணக்குச் சரிதான். ஆனால் முகவரிகள் தேடலால் மட்டும் வெளிப்படுவதில்லை: சாதனம் தொடர்புகொள்ளும் ஒவ்வொரு சேவையகத்தின் பதிவேட்டிலும் அதன் முகவரி எழுதப்படுகிறது. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை உரிமையாளர்கள் மாற்றாமல் விட்டிருந்த கமராக்களையும் ரவுட்டர்களையும் பெருந்தொகையில் கைப்பற்றி, அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி பெரிய இணையத்தளங்கள் பலவற்றை எட்ட முடியாதபடி செய்தது. கமராவின் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள்.

என் பரிந்துரை இதுதான். கமராக்களை வெளியே திறக்கவேண்டாம். உங்கள் ரவுட்டரில் வயர்கார்ட் போன்ற விபிஎன் வசதி (இணையத்தின் ஊடாக மறைகுறியிட்ட தனி வழியை அமைப்பது) இருந்தால் அதை அமைத்து, அதற்குரிய ஒரேயொரு போர்ட்டை மட்டும் ஐபிவி6 தீச்சுவரில் அனுமதியுங்கள். கொழும்பிலிருந்து உங்கள் தொலைபேசி முதலில் அந்தப் பாதுகாப்பான வழியால் விடுதியின் வலையமைப்புக்குள் நுழையும். பின்னர் கமராவைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதுபோல் பார்க்கலாம். இப்படிச் செய்தால் கமராவுக்கு ஐபிவி6 தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு நிபந்தனைகள் உண்டு. கொழும்பில் நீங்கள் பயன்படுத்தும் இணைப்பிலும் ஐபிவி6 இருக்கவேண்டும். ஐபிவி4 மட்டுமுள்ள இடத்திலிருந்து ஐபிவி6 முகவரியை நேரடியாக எட்டமுடியாது. அடுத்து, வழங்குநர் தரும் முன்னொட்டு அவ்வப்போது மாறக்கூடும் என்பதால், மாறும் முகவரியை ஒரு பெயரோடு இணைத்து வைக்கும் டைனமிக் டிஎன்எஸ் சேவை தேவைப்படும். இவற்றில் ஏதேனும் ஒன்று இயலாவிட்டால், பொருத்தியவர் சொன்னபடி மாதக் கட்டணத்தைச் செலுத்துவதில் தவறில்லை.

கேள்வி: ரவுட்டரிலும் கணினியிலும் ஐபிவி6ஐ அணைத்துவிட்டால் இணைய வேகம் கூடும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: செய்யவேண்டாம். ஐபிவி6 அறிமுகமான தொடக்க காலத்தில், இணைப்பு இருப்பதாகக் காட்டிக்கொண்டு உண்மையில் இயங்காத அமைப்புகள் பல இருந்தன. உலாவி அதில் முயன்று, காத்திருந்து, பிறகே ஐபிவி4க்குத் திரும்பும். அந்தத் தாமதத்தால் பிறந்த அறிவுரை இது. இன்றைய உலாவிகள் ஐபிவி6இல் முயற்சியைத் தொடங்கி, கால் நொடியளவில் பதில் வராவிட்டால் ஐபிவி4இலும் முயன்று, எது முதலில் இணைகிறதோ அதைக் கொண்டே செல்கின்றன. விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசொஃப்ட் நிறுவனமும் ஐபிவி6ஐ அணைக்கவேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது. உங்கள் வேகக் குறைவுக்கான காரணத்தை வைஃபை அலைவரிசையிலும் மாலை நேர நெரிசலிலும் முதலில் தேடுங்கள்.

கேள்வி: ஐபிவி6இல் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி முகவரி என்றால், என் தொலைபேசி எங்கே போகிறது, நான் எதைப் பார்க்கிறேன் என்பதை எவரும் பின்தொடரலாமே? முகவரியை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, மூதூர்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, ஐபிவி6ஐ வகுத்தவர்களும் இதே அச்சத்தை எதிர்கொண்டார்கள். முதலில் வகுத்த முறையில், முகவரியின் பிற்பாதி சாதனத்தின் வலையமைப்பு அட்டையில் பதிந்துள்ள 48 பிட் மாக் முகவரியிலிருந்து செய்யப்பட்டது: அதை இரண்டாகப் பிளந்து நடுவே எஃப்எஃப்எஃப்இ என்று செருகி, ஒரு பிட்டை மாற்றுவார்கள். மாக் முகவரி மாறாதது. அதனால் நீங்கள் மூதூரில் வீட்டில் இருந்தாலும், திருகோணமலை நகரில் ஒரு கடையின் வைஃபையில் இணைந்தாலும், முற்பாதி மாறுமே தவிரப் பிற்பாதி மாறாது. அந்தப் பிற்பாதியை வைத்துச் சாதனத்தை ஊர் ஊராகப் பின்தொடர முடிந்தது. இதைத் தடுக்கவே தற்காலிக முகவரிகள் 2001இல் முன்மொழியப்பட்டன. 2021இல் திருத்தப்பட்ட வரையறையின் இயல்புநிலைப்படி, ஒரு தற்காலிக முகவரி ஒரு நாள் மட்டுமே புதிய தொடர்புகளுக்குப் பயன்பட்டு, இரண்டு நாட்களில் காலாவதியாகிறது. நிலையான முகவரியையும் மாக் முகவரி தெரியாதபடி, வலையமைப்புக்கு வலையமைப்பு மாறுமாறு உருவாக்கும் முறை 2014இல் வந்தது. இன்று விற்பனையாகும் தொலைபேசிகளும் கணினிகளும் இத்தகைய பாதுகாப்புகளை இயல்பாகவே கையாளுகின்றன. முகவரியின் பிற்பாதியின் நடுவே எஃப்எஃப்:எஃப்இ என்று தெரிகிறதென்றால் அது பெரும்பாலும் பழைய முறையைப் பின்பற்றும் அச்சுப்பொறி, கமரா போன்ற சாதனமாக இருக்கும்.

வீட்டைக் கண்டுபிடிப்பது பற்றி: சாதாரண ஒருவருக்கு முகவரியிலிருந்து கிடைப்பது உங்கள் சேவை வழங்குநர் யார் என்பதும் ஒரு தோராயமான இடமுமே, மூதூரில் இருப்பவரைக் கொழும்பு என்று காட்டுவதும் உண்டு. எந்த நேரத்தில் எந்த முன்னொட்டு எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்பது வழங்குநருக்குத் தெரியும். முற்பாதி முழு வீட்டுக்கும் பொது என்பதால், உங்கள் வீட்டிலிருந்து இத்தனை பார்வைகள் வந்தன என்று ஓர் இணையத்தளம் ஊகிக்கவும் முடியும். தற்காலிக முகவரி அதை மறைக்காது. அந்த அளவில் ஐபிவி4க்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. நடைமுறையில் உங்களை அதிகம் பின்தொடர்பவை முகவரிகளல்ல, நீங்கள் உள்நுழைந்து வைத்திருக்கும் கணக்குகளும் உலாவியில் தங்கும் குக்கிகளுமே.

கேள்வி: எங்கள் பாடசாலைக் கணினி அறையில் ஒரு சிறிய சேவையகமும் அச்சுப்பொறியும் இருக்கின்றன. இணைப்பு அறுந்தாலும், வழங்குநரை மாற்றினாலும், அவற்றின் ஐபிவி6 முகவரி மாறாதிருக்க வழி உண்டா, ஐயா?
– ஆசிரியர், தம்பலகாமம்

பதில்: உண்டு. எஃப்டி என்று தொடங்கும் தனித்துவ உள்ளக முகவரிகள் இதற்காகவே 2005இல் வகுக்கப்பட்டன. இவை உங்கள் நிறுவனத்துக்குள் பல துணை வலையமைப்புகளைக் கடந்து செல்லும். ஆனால் பொது இணையத்தில் செல்லா. ஐபிவி4இல் 192.168 முகவரிகள் செய்யும் வேலைக்கு இது நெருக்கமானது, ஒரு முக்கியமான வேறுபாட்டுடன். எஃப்டிக்கு அடுத்து வரும் 40 பிட்டையும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பது விதி. ஒரு இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட சாத்தியங்கள் அதில் உள்ளன. நினைவில் வைக்க எளிது என்பதற்காக எஃப்டி00:: என்று சுழியங்களாக இட்டுவிடாதீர்கள். ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் பாடசாலைகளிலும் 192.168.1 என்ற ஒரே எண் இருப்பதால், இரண்டு இடங்களை இணைக்க முயலும்போது முகவரிகள் மோதிக்கொள்வதை நீங்கள் கண்டிருக்கக்கூடும். நாளை வலயத்திலுள்ள பாடசாலைகளின் வலையமைப்புகள் ஒன்றாக இணைக்கப்படுமானால், இன்று குலுக்கலில் எடுத்த எண் அந்தத் தொல்லையைத் தவிர்த்துவிடும். ரவுட்டர் அமைப்பில் "யுஎல்ஏ" என்ற பெயரில் இது இருக்கும். எண்ணை ரவுட்டரே உருவாக்கித் தருவதும் உண்டு.

எஃப்டி முகவரியைக் கொடுத்ததற்காக உலகளாவிய முகவரியை நிறுத்தவேண்டியதில்லை. மாணவர்களின் கணினிகளுக்கு இரண்டும் இருக்கட்டும்: சேவையகத்தை எஃப்டி முகவரியிலும், வெளியுலகை உலகளாவிய முகவரியிலும் அவை எட்டும். இரண்டையும் கணினி குழப்பிக்கொள்ளாது. சேருமிடத்தின் வகைக்குப் பொருத்தமான அனுப்புநர் முகவரியைத் தேர்வதற்குரிய விதிகள் இயங்குதளத்திலேயே உள்ளன.

கேள்வி: ஐபிவி6இல் புரோட்காஸ்ட் இல்லை என்கிறார்கள். அப்படியானால் அயலிலுள்ள சாதனத்தை ஒரு கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனிகாஸ்ட் என்பது எங்கே பயன்படுகிறது?
– பல்கலைக்கழக மாணவர், கோணேசபுரி

பதில்: ஐபிவி4இல் ஒரு கணினி அயலாரைத் தேடும்போது, வலையமைப்பிலுள்ள எல்லாச் சாதனங்களுக்கும் கேட்கும்படி கேள்வியைப் பரப்புகிறது, ஒருவருக்கான கேள்விக்காக எல்லோரும் தம் வேலையை நிறுத்திக் காது கொடுக்கவேண்டும். ஐபிவி6 இந்த வேலையை, ஒரு குழுவில் சேர்ந்த சாதனங்களுக்கு மட்டும் செய்தி அனுப்பும் மல்டிகாஸ்ட்டிடம் ஒப்படைத்துவிட்டது. எஃப்எஃப் என்று தொடங்குபவை அனைத்தும் மல்டிகாஸ்ட் முகவரிகள். நான்காவது எழுத்து அந்தச் செய்தி எவ்வளவு தூரம் போகலாம் என்பதைச் சொல்கிறது. 2 என்றால் ஒரே இணைப்புக்குள், 5 என்றால் ஒரு வளாகத்துக்குள், இ என்றால் உலகளவில். எஃப்எஃப்02::1 ஓர் இணைப்பிலுள்ள எல்லாச் சாதனங்களையும், எஃப்எஃப்02::2 அங்குள்ள ரவுட்டர்களை மட்டும் குறிக்கும்.

அயலாரைத் தேடும் முறைதான் இதில் அழகானது. ஒவ்வொரு சாதனமும் தன் முகவரியின் கடைசி 24 பிட்டை எடுத்து, அதற்குரிய ஒரு மல்டிகாஸ்ட் குழுவில் சேர்ந்துகொள்கிறது. தேடுபவர் இலக்கு முகவரியின் கடைசி 24 பிட்டைப் பார்த்து, அந்தக் குழுவுக்கு மட்டுமே கேள்வியை அனுப்புகிறார். அத்தகைய குழுக்கள் ஒரு கோடியே 67 இலட்சத்துக்கு மேல் சாத்தியம் என்பதால், ஒரு வளாக வலையமைப்பில் அந்தக் கேள்வி ஏறக்குறைய எப்போதும் உரியவர் ஒருவரையே எழுப்பும். புதிதாக இணையும் சாதனம் தான் அமைத்த முகவரியை வேறொருவர் ஏற்கெனவே வைத்திருக்கிறாரா என்று சோதிப்பதும் இதே வழியில்தான்.

எனிகாஸ்ட்டைத் தோற்றத்தில் அடையாளம் காணமுடியாது. அது யுனிகாஸ்ட் முகவரியைப் போலவே இருக்கும். ஒரே முகவரியை உலகின் பல இடங்களிலுள்ள சேவையகங்களுக்குக் கொடுத்துவிட்டு, வழித்தட அடிப்படையில் அண்மையில் உள்ளதற்குப் பொதிகளைச் செல்லவிடுவதே எனிகாஸ்ட். கூகுளின் பொது டிஎன்எஸ் (இணையத்தளப் பெயருக்குரிய முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரியான 2001:4860:4860::8888, கிளவுட்ஃபிளேரின் 2606:4700:4700::1111 ஆகிய இரண்டும் இப்படி இயங்குபவை. டிஎன்எஸ் அமைப்பின் உச்சியிலுள்ள வேர்ச் சேவையகங்கள் 13 பெயர்களில் மட்டுமே இருந்தும், எனிகாஸ்ட்டின் உதவியால் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளாக இயங்குகின்றன. அண்மை என்பதை இங்கே கிலோமீற்றரில் அளக்கக்கூடாது. இயற்கைத் துறைமுகம் இருப்பது நம் ஊரில் என்றாலும், நாட்டை உலகத்தோடு இணைக்கும் கடலடி வடங்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை என மேற்கிலும் தெற்கிலுமே கரையேறுகின்றன. ஆகவே வங்கக் கடலைத் தாண்டி நமக்கு வடக்கே இருக்கும் சென்னைக்குப் போகும் பொதியும் முதலில் தீவைக் குறுக்காகக் கடந்து மறுகரைக்குச் சென்றே புறப்படும். வழித்தடம் எங்கே அண்மை என்கிறதோ அதுவே எனிகாஸ்ட்டுக்கு அண்மை.

கேள்வி: கைத்தொலைபேசியில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் தரவில் பார்த்தபோது 192.0.0.4 என்ற முகவரியும் காட்டுகிறது. இது எங்கிருந்து வந்தது?
– வாசகர், புல்மோட்டை

பதில்: உங்கள் தொலைபேசிக்கு வலையமைப்பு கொடுத்திருப்பது ஐபிவி6 முகவரி மட்டுமே என்பதன் அடையாளம் அது. ஐபிவி4 தவிர வேறெதுவும் தெரியாத செயலிகள் இயங்குவதற்காக, தொலைபேசி தனக்குள்ளேயே 192.0.0.4 என்ற முகவரியை வைத்துக்கொள்கிறது. செயலி அந்த முகவரியிலிருந்து அனுப்பும் ஐபிவி4 பொதியைத் தொலைபேசி ஐபிவி6 பொதியாக மாற்றி அனுப்பும். வழங்குநரின் பக்கத்திலுள்ள மற்றொரு மாற்றி அதை மீண்டும் ஐபிவி4 ஆக்கி வெளியே விடும். இடையிலுள்ள பயணத்தில், சேரவேண்டிய பழைய முகவரி 64:எஃப்எஃப்9பி:: என்று தொடங்கும் ஐபிவி6 முகவரியின் கடைசி 32 பிட்டில் பொதிந்திருக்கும், சில வழங்குநர்கள் அதற்குத் தமது சொந்த முன்னொட்டையும் பயன்படுத்துவார்கள். 2016 ஜூன் முதல் ஐபிவி6 மட்டுமுள்ள வலையமைப்பிலும் செயலிகள் இயங்கவேண்டும் என்று அப்பிள் நிறுவனம் கட்டாயமாக்கியதால், ஐஃபோன் செயலிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மாற்றுவழியே தேவைப்படுவதில்லை.

கேள்வி: அச்சுப்பொறியின் ஐபிவி6 முகவரியை உலாவியில் தட்டினால் பக்கம் திறக்காமல், தேடல் முடிவுகள் வருகின்றன. முகவரி சரியாகத்தான் இருக்கிறது.
– கணினி நிலைய உரிமையாளர், அனுராதபுரச் சந்தி

பதில்: முகவரியைச் சதுர அடைப்புக்குள் இடுங்கள். உலாவியைப் பொறுத்தவரை முக்காற்புள்ளிக்குப் பின்வருவது போர்ட் இலக்கம். ஐபிவி6 முகவரியிலோ முக்காற்புள்ளிகள் நிறைந்திருக்கின்றன. எனவே [2001:டிபி8::25] என்று எழுதினால்தான் முகவரி எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியும். போர்ட்டும் தேவையென்றால் [2001:டிபி8::25]:8080 என்று அடைப்புக்கு வெளியே சேர்க்கவேண்டும். உலாவி அப்போதும் தேடலுக்குப் போனால், முன்னால் எச்டிடிபி என்பதையும் அதற்குரிய குறிகளையும் சேர்த்துத் தட்டுங்கள். அச்சுப்பொறியின் எஃப்இ80 முகவரியை இதற்குப் பயன்படுத்தவேண்டாம். விழுக்காட்டுக் குறியோடு கூடிய முகவரியைப் பெரும்பாலான உலாவிகள் ஏற்பதில்லை. அச்சுப்பொறிக்கு எஃப்டி முகவரி ஒன்று இருந்தால் அதையே தட்டுங்கள்.